பச்சை சாத்தி உணர்த்தும் தத்துவம்

நிறங்கள் மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. சைவ ஆலயங்களில் நிறம் என்பது வெறும் அலங்காரமன்று. அது இறை தத்துவத்தை எடுத்துரைக்கும் ஒரு மொழியாகும். திருநீற்றின் வெண்மையும் குங்குமத்தின் செம்மையும் உணர்த்தும் பொருளை நாம் சிறு வயதிலேயே அறிந்து கொள்கின்றோம். பச்சை நிறத்தின் பொருளைப் பலர் சிந்திப்பதில்லை. அதனை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

ஆலயத்தில் பச்சை

திருச்செந்தூரில் ஆவணி, மாசித் திருவிழாக்களின் ஏழாம் நாள் மாலையில் சண்முகப் பெருமான் சிவப்பு சாத்தி எழுந்தருள்வார். எட்டாம் நாள் காலையில் வெள்ளை சாத்தியும், அன்று நண்பகலில் பச்சை சாத்தியும் காட்சி தருவார். சிவப்பு சிவனையும், வெள்ளை பிரமனையும், பச்சை திருமாலையும் குறிக்கும் என்பர். காத்தல் தொழிலுக்குரியவர் திருமால். ஆகவே பச்சை காக்கும் நிறமாகின்றது.

நல்லூர் முதலான எமது நாட்டு ஆலயங்களில் பச்சை சாத்தி தேர்த்திருவிழாவோடு இணைந்து வருகின்றது. தேரோட்டம் முப்புரம் எரித்த செயலை நினைவூட்டுவது. மகோற்சவத்தில் அது அழித்தல் தொழிலைக் குறிக்கும். தேர் இருப்பிடம் வந்த பின்னர் பெருமான் பச்சைப் பட்டும் பச்சிலை மாலையும் அணிந்து தேரினின்றும் இறங்கி வருகின்றார். அழித்தலின் வெம்மை தணிந்து, அடியார்க்குக் குளிர்ந்த முகம் காட்டும் கோலம் இதுவாகும். அடுத்து வருவது அருளலைக் குறிக்கும் தீர்த்தத் திருவிழா. இவ்வாறு அழித்தலுக்கும் அருளலுக்கும் இடையே பாலமாக நிற்பது பச்சை நிறமே.

மதுரை மீனாட்சியம்மை பச்சைத் திருமேனி கொண்டவள். மரகதவல்லி எனப் போற்றப்படுபவள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அவ்வாண்டு பயிர் செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலே இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே பச்சை மேனியைக் காட்டுகின்றார்.

மொழியிலும் கலையிலும்

தமிழில் பச்சை என்பது நிறத்தை மட்டும் குறிக்கும் சொல்லன்று. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சை மண் என்றெல்லாம் சொல்கின்றோம். நெருப்பு தொடாதது, இளமை மாறாதது, உயிர்ப்புள்ளது என்பதே இவற்றின் உட்பொருள். பிள்ளை பெற்ற தாயைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லிப் பாதுகாப்பதும் இக்கருத்தினாலேயாம்.

கேரளத்துக் கதகளியில் இராமன், கிருஷ்ணன், அருச்சுனன் போன்ற நற்பண்பு மிக்க பாத்திரங்களுக்கு முகத்தில் பச்சை வர்ணம் தீட்டுவர். அவ்வேடத்தின் பெயரே 'பச்சை' என்பதாகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எமது சீகிரியா ஓவியங்களிலும் சிவப்பு, மஞ்சள் நிறங்களோடு மண்ணிலிருந்து பெற்ற பச்சை நிறம் இடம்பெற்றுள்ளது. எமது நாட்டின் தேசியக் கொடியில் பச்சைப் பட்டி முஸ்லிம் மக்களையும், அதன் அருகிலுள்ள செம்மஞ்சள் பட்டி தமிழ் மக்களையும் குறிக்கின்றன.

உளவியல் கூறுவது

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தோன்றுவது பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியாகும். ஒரு சிவப்புத் துணியை அரை நிமிடம் உற்று நோக்கிவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரிலே பச்சை சார்ந்த ஒரு நிழல் தோன்றும். சிவப்பைக் கண்டு களைத்த கண் பச்சையைக் காண்கின்றது.

சத்திரசிகிச்சைக் கூடங்களில் பச்சை உடை வந்ததற்கும் இதனோடு தொடர்புண்டு. 1914ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வைத்தியர் ஹரி ஷேர்மன், வெள்ளைச் சுவரின் கூச்சம் கண்களைத் துன்புறுத்துவதைக் கண்டு, தமது சத்திரசிகிச்சைக் கூடத்திற்குப் பசளிக்கீரை போன்ற பச்சை நிறத்தைத் தெரிந்தார். இரத்தத்தின் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணுக்குப் பச்சை ஓய்வு தருகின்றது.

அமெரிக்க ஆய்வாளர் றொஜர் உல்றிச் 1984இல் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். ஒரு பாதியினரின் யன்னல் மரங்களை நோக்கியது. மறுபாதியினரின் யன்னல் செங்கற் சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டோர் விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. தேரினின்றும் இறங்கும் பெருமானுக்குப் பச்சை சாத்திய முன்னோர் இவ்வாய்வுகளை அறிந்தவரல்லர். ஆயினும் வெம்மைக்குப் பின் மனம் தேடுவது பசுமையை என்பதை வாழ்க்கையிலே கண்டிருந்தனர்.

உயிருள்ள பச்சையும் உயிரற்ற பச்சையும்

1775ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே ஆசனிக் என்னும் நஞ்சு கலந்த ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டறிந்தார். அதுவும் அதன் வழிவந்த சாயங்களும் 19ஆம் நூற்றாண்டிலே சுவர்த்தாள்களிலும் செயற்கை இலை, பூக்களிலும் பயன்பட்டன. அவற்றைச் செய்த தொழிலாளர் பலர் நோயுற்றனர். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் பசுமையன்று என்பதற்கு இது சான்று.

இன்று பல ஆலய வாசல்களிலும் இல்லங்களிலும் மாவிலைத் தோரணத்தின் இடத்தில் பிளாஸ்ரிக் தோரணம் தொங்குகின்றது. அது வாடுவதில்லை என்பது அதன் சிறப்பாகக் கூறப்படுகின்றது. ஆனால் மாவிலை வாடுவதனாலேயே நாம் மீண்டும் மரத்தை நாடுகின்றோம்; மரம் வேண்டும் என்பதனால் அதனை வெட்டாது வளர்க்கின்றோம். பிள்ளையாருக்கு அறுகு, சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, அம்மனுக்கு வேப்பிலை என முன்னோர் வகுத்த வழிபாடு ஊரிலே அச்செடி கொடிகளையும் காத்தது. பிளாஸ்ரிக் தோரணத்திற்கு மரமும் வேண்டியதில்லை, மண்ணும் வேண்டியதில்லை.

எமது வத்தளைப் பிரதேசத்துக்கு இது பெரிதும் பொருந்தும். ஹெந்தளைக்கு அப்பால் நீர்கொழும்புக் களப்பு வரை பரந்துள்ளது முத்துராஜவெல சதுப்பு நிலம். ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் கொண்ட இந்நிலம் மழை வெள்ளத்தைத் தன்னுள் தாங்கி மெல்ல மெல்லக் கடலுக்கு விடுகின்றது. அதன் கண்டற் காடுகளில் மீனும் இறாலும் பெருகுகின்றன. 1996இல் அதன் ஒரு பகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் குப்பை கொட்டியும் மண் நிரப்பியும் அப்பசுமை குறைந்து வந்துள்ளது. காத்தலின் நிறம் பச்சை என்பதை இங்கு வெள்ளக் காலத்திலே கண்கூடாகக் காணலாம்.

ஆகவே, அடுத்த மகோற்சவத்தில் பச்சை சாத்தி தரிசிக்கும் அடியார்கள் ஒவ்வொருவரும் வீட்டு முற்றத்தில் ஒரு துளசியையேனும், இடமிருந்தால் ஒரு மாவையோ வில்வத்தையோ நாட்டி வளர்ப்போமாக. முற்றம் இல்லாதோர்க்கு ஒரு பூச்சாடி போதும். அதில் பறித்த இலையைப் பெருமானின் பச்சிலை மாலைக்குக் கொடுப்பது, காசு கொடுத்து வாங்கும் மாலையிலும் மேலான தொண்டாகும்.