கரும்பின் இனிப்பும் நொதியின் வேகமும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியைக் கடந்ததும் முண்டியம்பாக்கம் வருகிறது. அங்குள்ள சர்க்கரை ஆலைக்கு அரவைக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வந்து சேரும். வெட்டிய கரும்பு வாடுவது கண்ணுக்குத் தெரியும்; அதனுள் சர்க்கரை குறைவது தெரிவதில்லை.

வெட்டியவுடன் கரும்பின் உயிரணுக்கள் இறந்துவிடுவதில்லை. அவற்றிலுள்ள இன்வர்டேஸ் என்னும் நொதி, நீரின் துணையுடன் சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கிறது. இரண்டும் நாவுக்கு இனிப்பவையே. ஃபிரக்டோஸ் சுக்ரோஸைவிடவும் இனிக்கும். ஆயினும் ஆலையில் சர்க்கரைப் படிகமாகத் திரள்வது சுக்ரோஸே. பிளவுண்டவை கழிவுப்பாகோடு போய்விடும். வெட்டுவாயில் புகும் நுண்ணுயிரிகளும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. நீர் வற்றி எடை குறைவதோ உழவருக்கு நேரடி இழப்பு. வெட்டிய 24 மணி நேரத்திற்குள் கரும்பை அரைக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

கோடை வெயில் இவ்விழப்பை விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் நொதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அக்கணக்குக்கு எல்லை உண்டு. நொதி ஒரு புரதம். மிகுவெப்பத்தில் அதன் மடிப்புகள் அவிழ, சுக்ரோஸ் வந்து பொருந்தும் இடம் உருக்குலைகிறது.

அமிலத்தன்மையின் பங்கும் சிறிதன்று. கரும்புச்சாற்றின் பி.எச். அளவு ஏறத்தாழ 5 முதல் 5.5 வரை இருக்கும். கரும்பிலுள்ள அமிலவகை இன்வர்டேஸ் நன்கு செயல்படுவதும் ஏறத்தாழ இந்நிலையில்தான். ஆலையில் சாற்றைக் கொதிநிலைவரை சூடாக்கும்போது நொதி செயலிழந்துவிடும். ஆனால் சூடான அமிலச்சாறு, நொதி இல்லாமலேயே சுக்ரோஸைப் பிளக்க வல்லது! எனவே சுண்ணாம்புப்பால் சேர்த்துச் சாற்றின் பி.எச். அளவை 7-க்கு அருகே கொண்டுவருகின்றனர்.

இந்தப் பி.எச். அளவுகோலே நொதி ஆய்வில் பிறந்ததுதான். கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சன், 1909-இல் அதனை வகுத்தார். 1913-இல் மைக்கேலிஸ், மென்டன் ஆகிய இருவரும் அமிலத்தன்மையை நிலையாக வைத்து இன்வர்டேஸின் வேகத்தை அளந்தனர்.

ஈஸ்டிலும் இந்நொதி உண்டு. ஆகவே இதனைப் பள்ளி ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். ஈஸ்ட் கலந்த நீரை மூன்று சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒன்றைப் பனிக்கட்டியிலும் ஒன்றை 40 பாகை வெந்நீரிலும் வைக்க வேண்டும். மூன்றாவதைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும். மூன்றிலும் சம அளவு சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துச் சிறிது நேரம் கழித்துப் பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கினால், வெந்நீர்க் குழாய் செங்கல் நிறம் பெறும். கொதித்தது நீலமாகவே நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதன் நொதி மீள்வதில்லை. பனிக்கட்டியில் இருந்த ஈஸ்டோ, மீண்டும் 40 பாகைக்கு வந்ததும் தன் வேலையைத் தொடங்கிவிடும்.