லனோலின் ஷேவிங் சோப்பு: வாங்குவதற்கு முன்னும் குழைக்கும்போதும்

ஷேவ் செய்து முடித்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறது, மோவாய்க்குக் கீழே எரிகிறது, மத்தியானத்துக்குள் வாயோரம் தோல் வெள்ளையாக உரிகிறது என்று சொல்பவர்கள் முதலில் பிளேடை மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்து லோஷனை. சோப்பின் மீது சந்தேகப்படுபவர்கள் குறைவு. லனோலின் கலந்த ஷேவிங் சோப்பு இப்போது இணையக் கடைகள் வழியாக நம் ஊருக்கும் வருகிறது. பிரஷ், கிண்ணம், வெந்நீர் என்று பழைய முறையில் ஷேவ் செய்பவர்களுக்கான பொருள். விலை கொஞ்சம் கூடுதல்தான். கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கச் சில குறிப்புகள்:

1. லனோலின் என்பது ஆட்டின் தோலில் சுரந்து கம்பளியில் படிந்திருக்கும் மெழுகு. மழையில் ஆடு ஊறிப்போகாமல் காப்பது அதுதான். கத்தரித்தெடுத்த கம்பளியை ஆலையில் அலசும்போது அந்தக் கழிவுநீரோடு பிரிந்து வரும். அதைச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். 1880களில் ஜெர்மனியில் ஆஸ்கர் லீப்ரைக், ஓட்டோ பிரவுன் இருவரும் இதை மருந்துக்கும் களிம்புக்கும் உதவும் பொருளாக்கினார்கள். 1911இல் வந்த நிவியா கிரீமின் அடிப்படைச் சரக்கும் கம்பளி மெழுகிலிருந்து எடுத்ததுதான். நாம் விழுங்கும் வைட்டமின் டி3 மாத்திரையில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன. ஆகவே ஏதோ புது ரசாயனம் என்று மிரள வேண்டியதில்லை.

2. நுரையை வைத்து இந்தச் சோப்பை எடை போடாதீர்கள். நுரை தருவது ஸ்டியரிக் அமிலமும் அதோடு சேரும் பொட்டாசியமும். லனோலின் நுரைக்கு உதவாது. சொல்லப்போனால் கொஞ்சம் அடக்கவே செய்யும். அதன் வேலை ஷேவ் முடிந்த பிறகுதான் ஆரம்பம். சோப்பு காரத்தன்மை உடையது. பி.எச். அளவில் 9, 10 என்று நிற்கும். நம் தோலோ 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. போதாததற்கு, பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேல்படலத்தையும் எண்ணெய்ப்பசையையும் வழித்துக்கொண்டு போகிறது. முகம் இழுப்பது அதனால்தான். சோப்பில் உள்ள லனோலின் தோலின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைக்கவும் இந்த மெழுகால் முடியும். ஷேவ் முடித்து அரை மணி நேரம் கழித்துக் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். சோப்பு நல்லதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

3. அட்டையில் ஆட்டுக்குட்டிப் படம் இருந்தால் போதாது, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அளவில் அதிகமானது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரும். லனோலின் பெயர் பட்டியலின் வாலில், வாசனைப் பொருளுக்கும் நிறத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சைவ வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சோடியம் டேலோவேட், பொட்டாசியம் டேலோவேட் என்று போட்டிருந்தால் அது மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பில் செய்த சோப்பு. லனோலினுக்கு ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை, கத்தரித்த முடியே போதும்; டேலோவேட் அப்படியல்ல. தாவர எண்ணெயில் செய்து லனோலின் சேர்த்த சோப்புகளும் இருக்கின்றன.

4. இந்தச் சோப்பு நுரைக்கவே இல்லை என்று பாதிப் பேர் ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் தண்ணீரில்தான். இந்த வகையில் பெயர்பெற்ற ‘மிட்செல்ஸ் உல் ஃபேட்’ சோப்பு, இங்கிலாந்தின் கம்பளி நகரமான பிராட்போர்டோடு சேர்த்துப் பேசப்படுவது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்பில்லாத மென்னீர். கம்பளித் தொழில் அங்கே செழித்ததற்கும் அந்தத் தண்ணீர் ஒரு காரணம். நம் ஊர் போர்வெல் தண்ணீரிலோ கால்சியமும் மெக்னீசியமும் ஏராளம். அவை சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் பிசுக்கைத்தான் உண்டாக்கும். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதா? அப்படியென்றால் அந்தத் தண்ணீரில் சோப்பைக் குழைக்காதீர்கள். முழு ஷேவுக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. பிரஷை நனைக்கவும் நுரை குழைக்கவும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ சுட வைத்து எடுத்துக்கொண்டால் போதும். மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. முகம் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரே போதும். இந்த ஒரு குறிப்பை மட்டும் கடைப்பிடித்தாலே நுரை குறித்த புகாரில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

5. குளித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். காய்ந்த தாடி பிளேடுக்குக் கம்பி. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். குளிக்காமல் ஷேவ் செய்வதானால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் வைத்துக்கொள்ளலாம். சலூனில் ஐயா உட்காருங்க என்று சொல்லிவிட்டு முதலில் செய்வது இதைத்தான்.

6. குழைக்கும் முறை. கட்டிச் சோப்பின் மேல் ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டு, நீங்கள் குளித்துவிட்டு வரும்வரை அப்படியே விடுங்கள். மேற்பரப்பு இளகியிருக்கும். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம், முகத்தில் தடவிக்கொள்ளலாம். பன்றிமுடி பிரஷாக இருந்தால் அதையும் ஊறவைக்க வேண்டும். சிந்தெடிக் பிரஷுக்கு நனைத்தால் போதும். பிரஷை நன்றாக உதறி, சோப்பின் மேல் ஒரு நிமிடமாவது சுழற்றுங்கள். சாதாரண ஷேவிங் கிரீமில் பழகிய கைக்கு இது நீண்ட நேரமாகத் தோன்றும். அவசரப்பட்டால் காரியம் கெட்டது. முதலில் பெரிய பெரிய குமிழிகளாக வரும். அது நுரையே இல்லை. தொடர்ந்து சுழற்றினால் குமிழிகள் மறைந்து, பளபளப்பில்லாத வெள்ளைப் பசையாகப் பிரஷின் நுனியில் ஒட்டும். இப்போது கிண்ணத்துக்கோ கன்னத்துக்கோ மாறுங்கள். விரல் நுனியில் தொட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைப்பது, மறுபடி சில சொட்டு விட்டுக் குழைப்பது என்று போக வேண்டும். ஒரு கட்டத்தில் பசையின் மேல் லேசான மினுக்கு வரும். பிரஷைத் தூக்கினால் கெட்டித் தயிர் போல நுனி மடங்கி நிற்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றிவிட்டால் மீட்பது கஷ்டம்.

7. விளம்பரத்தில் வருவது போல முகம் முழுக்க மலை மலையாக நுரை வராது, வரவும் வேண்டாம். லனோலின் நுரை ஒல்லியானது, வழுவழுப்பு அதிகம். தோல் மறையும் அளவுக்குத் தடவினால் போதும்.

8. ஷேவ் செய்வதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சோப்போடு அதைச் சேர்க்க வேண்டாம். எண்ணெய் நுரையைக் கொல்லும், பிரஷையும் அடைக்கும். வழுவழுப்பு இன்னும் வேண்டுமென்றால் கிண்ணத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டுக் குழைத்துப் பாருங்கள்.

9. ரேசரை அழுத்தாதீர்கள். முதல் சுற்று முடி வளரும் போக்கில். கழுத்தில் முடி பக்கவாட்டிலும் வளரும். விரலால் தடவிப் பார்த்துப் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சோப்பும் மழுங்கிய பிளேடுக்குப் பரிகாரம் ஆகாது.

10. ஷேவ் முடிந்ததும் வழக்கம்போல இன்னொரு முறை குளியல் சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டு முகம் கழுவுகிறீர்களா? அப்படியானால் லனோலின் சோப்புக்குக் கொடுத்த காசு சாக்கடையில் போகிறது. வெறும் தண்ணீரில் நுரை போகும்வரை அலசினால் போதும். விரலால் தேய்த்தால் கிரீச் என்று சத்தம் வரும் அளவுக்குக் கழுவுவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். தோலில் ஒட்டவேண்டியதும் சேர்ந்து போய்விட்டது என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். படிகாரம் போடுபவர்கள் போடலாம். கீறலில் ரத்தம் நிற்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் முகத்திலேயே காயவிடாமல் அரை நிமிடத்தில் அலசிவிட வேண்டும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் வறண்ட முகத்தை மேலும் வறட்டும். வாசனைக்காகத்தான் என்றால் சட்டையில் அடித்துக்கொள்ளுங்கள்.

11. சோப்பை மாற்றாமலே பலனைச் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. பாலூட்டும் தாய்மாருக்கு மார்புக்காம்பில் வெடிப்பு வந்தால் தடவ, சுத்திகரித்த லனோலின் சிறு டியூபாக மருந்துக்கடையில் கிடைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாதி தீர்ந்த டியூப் ஒன்று அலமாரியில் கிடக்கவும் கூடும். ஷேவ் செய்து அலசிய முகம் ஈரமாக இருக்கும்போதே அரிசி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, எரியும் இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். அளவு கூடினால் முகம் பிசுபிசுக்கும். ஒரு வாரம் செய்து பார்த்துப் பிடித்திருந்தால் சோப்பு வாங்கலாம்.

12. சோப்பு டப்பாவை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். நீர் வடிந்து, மேற்பரப்பு காய்ந்த பிறகே மூடி. ஜன்னல் வெயிலில் வைப்பதும் வேண்டாம். பிரஷில் மெழுகும் உப்பும் சேர்ந்து அடிமுடியில் கட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, பிறகு வினிகர் கலந்த நீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் போய்விடும். பிளேடை வெந்நீரில் அலசி ரேசரைக் காயவிடுங்கள்.

13. ஒவ்வாமை சிலருக்கு வரும். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவச் சங்கம் 2023ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக லனோலினைத்தான் அறிவித்தது. நல்ல தோல் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போவது அபூர்வம். கரப்பான், எக்ஸிமா போன்ற தொல்லை இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். முரட்டுக் கம்பளி போர்த்தினால் அரிப்பது பெரும்பாலும் அதன் இழை குத்துவதால். அதை வைத்து லனோலின் ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். நுரையைக் கைமடிப்பில் ஒரு நிமிடம் தடவிக் கழுவுங்கள். சில நாள் இப்படிச் செய்து சிவப்பு, தடிப்பு, அரிப்பு ஏதும் இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ஏற்கனவே தோல் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

14. பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். மூடியில் கீறல் போட்ட பழைய டப்பா ஒன்றைக் குளியலறையில் வைத்து அதில் சேர்த்து, நிறைந்ததும் டேப் ஒட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

15. யார் வாங்கலாம்? வறண்ட தோல்காரர்கள், நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்காருபவர்கள், நாற்பதைத் தாண்டி முகத்தில் எண்ணெய்ப்பசை குறைந்தவர்கள், தினமும் ஷேவ் செய்தாக வேண்டிய வேலையில் இருப்பவர்கள். இவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கட்டிச் சோப்பு மாதக்கணக்கில் வருவதால் விலையும் உறுத்தாது. பருவும் எண்ணெயும் வழியும் இளைஞர்களுக்கும், வாரம் ஒருமுறை ஷேவ் செய்பவர்களுக்கும் சாதாரண கிரீமே போதும். அந்தக் காசில் நல்ல பிளேடு வாங்கிக்கொள்ளலாம்.