கட்டுரை ஏட்டில் ஒரு கேள்வி

ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளிகளுக்குச் செல்லும்போது முதலில் கட்டுரை ஏடுகளைத்தான் கேட்பேன். பெரும்பாலும் 40 ஏடுகளிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதிய ஒரே பொங்கல் கட்டுரை இருக்கும். எது யாருடையது என்று அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடைசிப் பக்கத்தில், ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி. ஒன்னுக்கு பால் குடிக்க தெரியல’ என்று எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழை, பேச்சுவழக்கு எல்லாம் உண்டு. நான் அவற்றைத் தொடாமல், ‘பிறகு என்ன செய்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டேன். இன்னும் அரைப்பக்கம் எழுதினாள். பாட்டி துணியைப் பாலில் நனைத்துக் குட்டிக்கு ஊட்டினாராம்! ஒற்றை மறுநாள் பார்த்துக்கொண்டோம்.

எழுதிய பிள்ளையிடம் அதைப் பற்றியே பேசும் இந்தச் சிறு உரையாடலைத்தான் அமெரிக்கக் கல்வியாளர் டொனால்டு கிரேவ்ஸ் 1983-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார்.

பயிற்சியில் ஆசிரியர்களையே 10 நிமிடம் எழுதச் சொல்வேன். எழுதிவிடுவார்கள்; வாசிக்கத்தான் தயங்குவார்கள். அதன்பின் சிவப்பு மையைப் பற்றி நான் அதிகம் பேசவேண்டியிருக்காது.

இத்தனை ஏடுகளுக்கு நேரம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். நாளொன்றுக்கு 5 ஏடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, ஒரே ஒரு பிழை. 40 பேர் வகுப்பு 8 நாளில் முடியும்.