தண்டலம் மண்ணில் ஆன்டிபயாடிக் தேடப் போகிறீர்களா?

புராஜெக்ட் சீசன் வந்தால் தண்டலம் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி லேப்களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வேட்டை ஆரம்பமாகிவிடும். இந்த பாக்டீரியாவிடம் மருந்து ஜீன் இருந்தால் மட்டும் போதாது. வயிறு காய்ந்தால்தான் மருந்து சுரக்கும். அது தெரியாமல் நான்கு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

- மண்ணை ஏரிக்கரையில் எடுங்கள். கம்பெனி பிளாட்டுகளில் கிடப்பது பெரும்பாலும் லாரியில் வந்த கிராவல். அது எந்த ஊர் மண்ணோ!
- நிழலில் உலர்த்திவிட்டு ஸ்டார்ச் கேசின் அகாரில் போடுங்கள். காய்ந்தாலும் ஸ்போர் பிழைக்கும், மற்றவை குறையும்.
- ஒரு வாரமாவது பொறுங்கள். காலனி மேல் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் ஸ்போர் படரும். மூடியைத் திறக்காமலே மழை மண் வாசம் வரும்.
- ஸ்போர் வந்ததும் கிளிசராலில் ஃப்ரீசரில் வையுங்கள், இன்றைக்கே. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் தரும் ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்த சுரேந்திர நாத் சேகல், மாண்ட்ரியல் லேப் மூடப்பட்டபோது கல்ச்சரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-இல் அமெரிக்காவில் ராபமைசின் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அனுமதி பெற்றது.
- கேண்டிடா பூஞ்சைக்கு எதிராகவும் டெஸ்ட் பண்ணுங்கள். ராபமைசின் முதலில் பூஞ்சைக்கொல்லியாகத்தான் அகப்பட்டது.

செய்யக்கூடாதவை

- மீடியத்தில் குளுக்கோஸையும் பாஸ்பேட்டையும் அள்ளிப் போடாதீர்கள். வயிறு நிறைந்தால் மருந்து ஜீன்கள் தூங்கிவிடும்.
- இரண்டாம் நாளே ஜோன் (சுற்றிலும் கிருமி வளராத வட்டம்) இல்லையென்று தட்டைத் தூக்கி எறியாதீர்கள். வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான் பெரும்பாலும் சுரக்கும்.
- ஒரே கல்ச்சரைத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே போகாதீர்கள். இதன் குரோமோசோம் வட்டமில்லை, நீள்கோடு. ஓரங்கள் எளிதில் உதிரும். பொடி படராத வழுக்கைக் காலனி வந்தால் பழைய ஸ்டாக்குக்குத் திரும்புங்கள்.
- ஜோன் வரவில்லை என்பதற்காக "ஜீன் இல்லை" என்று எழுதாதீர்கள். புற்றுநோய் மருந்து டானோரூபிசினைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசெட்டியஸை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் டிஎன்ஆர்என், டிஎன்ஆர்ஐ என்று இரண்டு கட்டுப்பாட்டு ஜீன்கள். டிஎன்ஆர்என் எழுப்பினால்தான் டிஎன்ஆர்ஐ எழும். அது எழுந்தால்தான் மருந்து ஜீன்கள் வேலை செய்யும். உங்கள் தட்டில் முதல் ஆளே எழாமல் இருந்திருக்கலாம்.
- முதல் ஜோனைப் பார்த்ததும் "புது மருந்து" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பிரித்துப் பார்த்தால் பல தடவை பழைய ஸ்ட்ரெப்டோத்ரிசின்தான்.
- தட்டுகளை ஆட்டோகிளேவ் பண்ணாமல் குப்பையில் போடாதீர்கள். ரெசிஸ்டன்ஸ் ஜீனும் அதோடு வெளியே போகும்.