ஊசி போட்டால்தான் சரக்கு!

கேள்வி: கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கியது சரியா? ஊசி போட்டுக்கொள்ளாத என் அண்ணனோடு அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.
- வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மாவட்டத்தையே பாருங்கள். 2021 செப்டம்பரில், தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்றது நீலகிரி நிர்வாகம். ரேஷன் கார்டுக்கு இணையாகச் சட்டைப்பையில் சான்றிதழ் ஏறியது. (குடிக்காதவரை எப்படி மிரட்டுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை!) அதே ஆண்டு, பழங்குடி ஊர்களுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் நேரில் போனார்கள், பயந்தவர்களிடம் பொறுமையாகப் பேசி ஊசி போட்டார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் மலையில், ஊசியைப் புரியவைப்பது ஆகாத காரியமா என்ன?

2022 மே 2 அன்று, கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்துத் தொடரப்பட்ட ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஊசி போடாதவர்கள் மீதான தடைகள், தொற்று குறைந்திருந்த அன்றைய நிலையில், அளவுக்கு மீறியவை என்றது.

ஆக, ஊசி நல்லது என்ற வகையில் நீங்கள் ஜெயித்தீர்கள்; கட்டாயம் கூடாது என்ற வகையில் அண்ணன் ஜெயித்தார். நீங்களே முதலில் போன் போடுங்கள்.