தெரிந்தவர் கணக்கிலிருந்து திருடன் எழுதினால்

"அண்ணே, ஒரு அவசரம். 18,000 ரூபாய் ஜிபே பண்ண முடியுமா? சாயங்காலம் தந்துடறேன்."

நண்பரின் எண்ணிலிருந்துதான் வந்திருக்கிறது. அவருடைய படம்தான். போன வாரம் அவர் அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்குக் கீழேயே இந்த வரி. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். "மீட்டிங்ல இருக்கேன், டைப் பண்ணுங்க" என்று பதில் வரும். கொடுத்த யுபிஐ முகவரியைப் போட்டால் மட்டும், நீங்கள் கேள்வியே படாத ஒரு பெயர் திரையில் வரும். கேட்டால், "அது என் மச்சான் நம்பர், என்னோடதுல லிமிட் முடிஞ்சிருச்சு" என்பார். அதற்கும் பதில் தயார்.

இந்த இடத்தில் பலர் ஒன்று பணத்தை அனுப்பிவிடுகிறார்கள், அல்லது சட்டென்று பிளாக் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிளாக் செய்தவர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார், சரி. ஆனால் நண்பருக்கு விஷயமே தெரியாது. அவருடைய போனில் உள்ள மற்றவர்களுக்கு அதே வரி போய்க்கொண்டிருக்கும்.

சரியாக என்ன செய்வது என்பது, அந்தக் கணக்குக்கு என்ன ஆயிற்று என்பதைப் பொறுத்தது. திருடன் நண்பரின் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு வேறு இடத்திலிருந்து எழுதலாம். அவருடைய படத்தை எடுத்துப் போலிக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். அல்லது அவருடைய உண்மையான கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பேஸ்புக்கில் அதிகம் நடப்பது இரண்டாவது. ஏற்கெனவே நட்பில் இருப்பவரிடமிருந்து புதிதாக நட்பு அழைப்பு வந்தால், அநேகமாக அது போலி. இங்கே தயக்கம் வேண்டாம். வேறொருவர் போல நடிக்கிறார் என்று புகார் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள். நண்பரின் அசல் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் பாஸ்வேர்டை மாற்றுவதால் பயனுமில்லை. நட்புப் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்து வைக்கச் சொல்லுங்கள். போலிக் கணக்குக்காரனுக்கு யார் யாரிடம் கேட்பது என்று காட்டிக்கொடுப்பது அந்தப் பட்டியல்தான்.

மின்னஞ்சலில் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மடலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று இருக்கும். அதன் உச்சியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். நண்பரின் முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்து, சோதனைகள் தோற்றிருந்தால், பெரும்பாலும் யாரோ அவர் முகவரியைப் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள். முகவரியும் சரி, சோதனையும் பாஸ் என்றால்தான் கவலை. மடல் உண்மையாகவே அவருடைய கணக்கிலிருந்து புறப்பட்டிருக்கிறது. இத்தகைய மடல்கள் ஸ்பாம் வடிகட்டியைத் தாண்டி இன்பாக்ஸுக்கே வருவதற்கும் இதுவே காரணம். வடிகட்டி பார்ப்பது பெரிதும் அனுப்பிய இடத்தின் நற்பெயரை. அது இங்கே சுத்தமாக இருக்கிறது.

உண்மையான கணக்கே போய்விட்டது என்றால் பிளாக் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜிமெயிலில் ஒருவரை பிளாக் செய்தால், பிறகு அவர் கணக்கை மீட்டு எழுதும் நல்ல மடலும் ஸ்பாம் பெட்டிக்கே போகும். அந்த ஒரு மடலை மட்டும் 'ஃபிஷிங்' என்று புகார் செய்வது மேல். வாட்ஸ்அப்பில் புகார் செய்தால் அவர் அனுப்பிய கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், எதிராளிக்குத் தெரியாது. புகார் செய்யும் திரையிலேயே பிளாக் செய்யவும் கேட்கும், அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். குடும்பக் குழுவிலோ தெருக் குழுவிலோ அந்த எண் இருந்தால், அட்மின் உடனே நீக்கிவிட வேண்டும். மரியாதைக் குறைவாகுமே என்று யோசிக்க நேரமில்லை, மீட்டபின் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பருக்குச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். "உங்க அக்கவுண்ட் ஹேக் ஆயிருக்கு போல" என்று அதே வாட்ஸ்அப்பில் எழுதினால் படிப்பது திருடன். வாட்ஸ்அப் அழைப்பும் அவனிடமே போகும். சாதாரண போன் அழைப்பில் கூப்பிடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூரியர்காரர் போலப் பேசி, நட்சத்திரக் குறியோடு ஒரு எண்ணை டயல் செய்யவைத்து, அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி இங்கே நடக்கிறது. அப்படியானால் சாதாரண அழைப்பும் வேறெங்கோ போகும். குரல் சந்தேகமாக இருந்தால் அவர் மனைவிக்கோ தம்பிக்கோ போடுங்கள். நண்பரின் போனில் ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பமும் நீங்கும்.

இனி, கணக்கைப் பறிகொடுத்தவர் பக்கம். பாஸ்வேர்டை மாற்றுவதா, கணக்கை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? புதிதாகத் தொடங்குவது மோசமான தேர்வு. பழைய கணக்கு திருடன் கையிலேயே இருக்கும். வங்கி, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்தப் பழைய முகவரிக்கே ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மீட்பதே சரி.

ஆனால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக உட்காரக் கூடாது. மின்னஞ்சலுக்குள் நுழைந்தவன் வரும் மடல்கள் எல்லாவற்றின் நகலையும் தனக்கு அனுப்பும்படி ஃபார்வர்டிங் வைத்திருக்கலாம். வங்கி மடல் வந்தால் கண்ணில் படாமல் அழித்துவிடும்படி ஃபில்டர் போட்டிருக்கலாம். மீட்புக்கான போன் எண்ணைத் தன் எண்ணாக மாற்றியிருக்கலாம். பூட்டை மாற்றினாலும் இவை அப்படியே நிற்கும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டு இந்த மூன்றையும் திறந்து பாருங்கள். கணக்கோடு இணைத்திருக்கும் பிற செயலிகளையும் பார்த்து, தெரியாததைத் துண்டியுங்கள்.

வாட்ஸ்அப்பை மீட்பது பலர் நினைப்பதைவிட எளிது. உங்கள் எண்ணைப் போட்டு மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணைக் கொடுத்த நொடியே திருடன் வெளியேறிவிடுவான். அவன் இரு-படி சரிபார்ப்புக்கு ஒரு பின் வைத்திருந்தால், நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும். அதுவரை நீங்களும் பயன்படுத்த முடியாது, அவனும் முடியாது. இது தெரியாமல் பதறி, "மீட்டுத் தருகிறேன்" என்று வருபவனிடம் காசு கொடுப்பவர்கள் உண்டு. அவனும் திருடனே.

கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதச் சலான் என்றோ வந்த ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் திறந்து மாட்டியவருக்கு வரிசை வேறு. அங்கே திருடன் கணக்கில் இல்லை, போனுக்குள் இருக்கிறான். வரும் ஓடிபி எல்லாவற்றையும் அவனும் படிக்கிறான். அந்தப் போனிலேயே புது பாஸ்வேர்டு வைப்பது அவன் காதில் சொல்வதற்குச் சமம். முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். வேறொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்து நெட்பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்துங்கள். பாஸ்வேர்டுகளையும் வேறு கருவியில் மாற்றுங்கள். பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். படங்கள் போகுமே என்ற வருத்தம் நியாயம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

இரண்டாவது பூட்டாக எதை வைப்பது? எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபியும் அவரோடு போகும். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு சிம் பயமில்லை. என்றாலும் போலித் தளத்தில் அந்த எண்ணை நீங்களே தட்டிக் கொடுத்துவிட முடியும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ அசல் தளத்தில் மட்டுமே வேலை செய்யும். நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ, அது வராத இடங்களில் செயலி, வேறு வழியே இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ் என்பது என் வரிசை. கூகுள் தரும் பேக்கப் எண்களைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் வைப்பது பழைய பாணிதான். போனே தொலைந்தாலும் அது கைகொடுக்கும்.

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 12 அன்று பிரதமர் மோடியின் ட்விட்டர் கணக்கே சற்று நேரம் பறிபோய், இந்தியா பிட்காயினைச் சட்டப்பூர்வமாக்கிவிட்டது, அரசு 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று அதில் செய்தி வந்தது. ஆகவே மாட்டியவர் வெட்கப்பட்டு மூடி வைக்க ஒன்றுமில்லை. மூடி வைக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு பேர் பணம் அனுப்பிவிடுவார்கள்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கிவைக்கத்தான் அந்த எண். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்போ செய்தியோ மட்டும் என்றால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பக்கம் போதும். அடுத்தவர் பாஸ்வேர்டைக் களவாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்த பிறகே செய்தியை அழித்துவிடுங்கள்.

இன்று வீட்டில் அப்பா அம்மா போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத கணினி ஏதாவது அங்கே இருந்தால் அப்போதே வெளியேற்றிவிடுங்கள்.