திறந்த அடித்தளத்தில் மென்பொருள் ஆக்கம்: கோஹா நூலக மென்பொருளை முன்வைத்து

முன்னுரை

வீடு கட்ட விழைவோர் முதற்கண் ஆராய்வது மனையின் உரிமையையே ஆகும். பிறர் மனையில் எழுப்பிய மாளிகை எத்துணை அழகுடையதாயினும், மனைக்குரியவர் விலகுமாறு கூறின் விலகியே ஆகவேண்டும். மென்பொருள் ஆக்கத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். பிறர்க்கு மறைக்கப்பட்ட அடித்தளத்தின்மீது கட்டப்படும் மென்பொருளுக்கும், யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்ட அடித்தளத்தின்மீது கட்டப்படும் மென்பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஒரு நூலகத்தின் வரலாற்றால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறமூலம்: விளக்கம்

நிரலாளர் மென்பொருளை முதலில் மனிதர் படித்தறியத்தக்க கட்டளைகளாக எழுதுகின்றனர். இது மூலநிரல் எனப்படும். வணிக மென்பொருள்கள் பலவற்றில் இயங்கும் வடிவம் மட்டுமே வாங்குவோர் கைக்கு வரும், மூலநிரல் வாராது. சமைத்த உணவு கிடைக்கும். சமைக்கும் முறை கிடைக்காது.

இந்நிலையை மாற்ற எண்ணிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டில் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கல், அதன் மூலநிரலைக் கற்றுத் திருத்தல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கல், திருத்திய வடிவத்தையும் வழங்கல் ஆகியன பயன்படுத்துவோர்க்கு உரியன என்பது அவர்தம் கொள்கை. 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமம் இவற்றுக்குச் சட்டக் காப்பு அளித்தது. இவ்வுரிமத்தின்கீழ் மென்பொருளைப் பெற்றுப் பிறர்க்கு வழங்குபவர், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும். 'திறமூலம்' என்னும் பெயர் 1998ஆம் ஆண்டில்தான் வழக்கிற்கு வந்தது.

கோஹா பிறந்த வரலாறு

நியூசிலாந்து நாட்டின் லெவின் நகரில் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை இயங்கி வந்தது. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டினைச் சரிவரக் கணக்கிட இயலாதது. புதியதொன்றை வாங்குவதோ சிறு நூலகத்திற்குப் பெருஞ்செலவு. எனவே 1999இல் கடிப்போ என்னும் வெலிங்டன் நிறுவனத்தைக் கொண்டு தமக்கேற்ற மென்பொருளைத் தாமே உருவாக்க அறக்கட்டளையினர் முடிவுசெய்தனர்.

சில திங்களில் அவ்வரிய பணி முடிந்தமைக்குக் காரணம், அடித்தளம் முன்னரே ஆயத்தமாக இருந்தமையே. 1987இல் தோன்றிய பெர்ல் நிரல்மொழி, 1991இல் தோன்றிய லினக்ஸ், 1995இல் தோன்றிய அப்பாச்சி வலை வழங்கி, அதே ஆண்டில் தோன்றிய மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகியவை அவர்கட்குக் கிடைத்தன. நூலகப் பணிக்கு உரிய பகுதியை மட்டுமே புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு சனவரியில் அம்மென்பொருள் பயன்பாட்டிற்கு வந்தது. அவ்வாண்டிலேயே பொது உரிமத்தின்கீழ் உலகிற்கு வழங்கவும்பெற்றது. அதற்கு இடப்பட்ட 'கோஹா' என்னும் பெயர் மாவோரி மொழியில் 'கொடை' எனப் பொருள்படும்.

விளைந்த நன்மைகள்

முதலாவது, உழைப்புப் பகிர்வு. நூலின் ஆசிரியர், தலைப்பு, பொருள் முதலியவற்றைப் பதியும் மார்க் என்னும் பொதுமுறை தொடக்கக் கோஹாவில் இல்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நெல்சன்வில் பொதுநூலகம் பொருளுதவி செய்தது; பிரான்சு நாட்டு நிரலாளர் ஒருவர் எழுதினார்; பயனோ எல்லா நூலகங்கட்கும் கிடைத்தது. ஒருமுறை செய்த செலவு பலர்க்குச் செல்வமாயிற்று.

இரண்டாவது, தன்னுரிமை. பணியாற்றும் நிறுவனம் நிறைவளிக்கவில்லையெனின் வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். மூலநிரலும் தரவும் நூலகத்தின் கையிலேயே இருத்தலால், ஒரு நிறுவனம் மூடப்படினும் நூலகம் மூடப்படுவதில்லை.

மூன்றாவது, மொழிக்கு இடம். கோஹா ஒருங்குறியை ஏற்பதால் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலேயே பதியவும் தேடவும் இயலும். இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவும் இதனைப் பயன்படுத்தி வருகின்றன.

நான்காவது, கல்வி. இயங்கும் பெருநிரலைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு மாணவர்க்குக் கிடைக்கிறது. அவர் கண்ட பிழையைத் திருத்தி அனுப்பினால், ஏனையோர் ஆராய்ந்து ஏற்பர்.

கருத்திற்கொள்ள வேண்டியன

திறமூலம் என்றதும் செலவே இல்லை எனக் கருதுதல் தவறு. உரிமக் கட்டணம் இல்லையெனினும், வழங்கிக் கணிப்பொறி, காப்புப்படி, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றுக்குச் செலவுண்டு. கோஹாவின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. நிறுவியபின் புதுப்பிக்காது விடப்படும் மென்பொருள் பாதுகாப்பற்றதாகிவிடும்.

பெயருரிமையும் கருதத்தக்கது. உரிமம் நிரலைக் காக்கும், பெயரைக் காவாது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று 'கோஹா' என்னும் பெயரை நியூசிலாந்தில் தன் வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்தது. கொடையளித்த நூலகமே அப்பெயருக்காக வழக்காட நேர்ந்தது. பிற நாட்டு நூலகத்தாரும் பொருளுதவி நல்கினர். 2013இல் தீர்ப்பு அறக்கட்டளைக்குச் சார்பாக அமைந்தது. பொதுச்சொத்து தானே நிலைப்பதில்லை. காப்போர் உள்ளவரையே நிலைக்கும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

திறந்த அடித்தளத்தில் கட்டுவதால் காலமும் பொருளும் மிஞ்சும், தன்னுரிமை நிலைக்கும், கற்பார்க்கு வழி திறக்கும். ஆயின் பெறுவதோடு நில்லாது, திருத்தமாகவோ மொழிபெயர்ப்பாகவோ விளக்கக் குறிப்பாகவோ ஒன்றைத் திருப்பித் தருதல் கடனாகும். கல்வி நிலையங்களைப் பேணும் பெரியோர், கணிப்பொறி வாங்க நல்கும் உதவியில் ஒரு பகுதியை அதனைப் பேணும் பயிற்சிக்கும் ஒதுக்குவார்களாயின் பயன் பெருகும். கணிப்பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து தம் கல்லூரி நூலகத்தின் ஓர் அடுக்கினையேனும் தமிழில் பட்டியலிட்டுத் தொடங்கலாம். சிறு நகரத்து நூலகம் ஒன்று உலகிற்குக் கொடுத்த கொடைக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.